அளக்காத அரம்

கிதாரில் கம்பி கரகரத்தால் விரல்பலகையில் பதித்த உலோக ஃபிரெட்டை அராவ வேண்டும், அதற்கு ஒரு பெட்டி நிறையக் கருவிகள் வேண்டும், பெட்டியின் விலை ஏற ஏற வேலையும் சுத்தமாகும் என்பது வாசிப்பவர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. இது கிதாருக்கும் கேடு, பணத்துக்கும் கேடு. ஃபிரெட்டின் உயரமே ஏறத்தாழ 1 மி.மீ. முதல் 1.4 மி.மீ. வரைதான். அராவிய உலோகம் திரும்பி வராது. ஆகவே முதலில் வாங்க வேண்டியவை அளக்கும் கருவிகள்.

கரகரப்புக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது நெக்கின் வளைவை. கம்பிகளின் இழுவையில் நெக் முன்பக்கம் வளையப் பார்க்கும். உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடு அதை எதிர்த்துப் பிடிக்கும். கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1923இல் காப்புரிமை பெற்றார். முதல் ஃபிரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் கம்பியே நேர்கோடாகிவிடும். ஏழாம், எட்டாம் ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் போதுமானது. பைக் மெக்கானிக் டேப்பட் பார்க்கும் அதே ஃபீலர் கேஜ் இதை அளந்துவிடும். இடைவெளியே இல்லையென்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பல நேரம் கரகரப்பு அங்கேயே அடங்கிவிடும். சாவி மட்டும் சரியான அளவில் இருக்க வேண்டும். ட்ரஸ் ராடின் அங்குல அளவு நட்டில் மில்லிமீட்டர் சாவியை நுழைத்துத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

அடுத்தது ஃபிரெட் ராக்கர். நேரான விளிம்புள்ள சிறு எஃகுத் தகடுதான் அது. மூன்று ஃபிரெட்களின் மேல் வைத்தால் ஆடுகிறதா? நடு ஃபிரெட் உயர்ந்திருக்கிறது. கம்பி நீளம் (ஸ்கேல்) 648 மி.மீ. உள்ள கிதாரில் முதல் ஃபிரெட், நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து 36 மி.மீ. தள்ளியிருக்கும், இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையே 11 மி.மீ. சொச்சம்தான். அதனால்தான் தகட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நீளம். உயர்ந்த ஃபிரெட் காடியிலிருந்து கிளம்பியிருந்தால் தட்டி உட்கார வைத்தால் போதும். அரத்துக்கு அங்கே வேலையில்லை.

இத்தனைக்கும் பிறகும் மேடுபள்ளம் இருந்தால்தான் மட்டமாக்கும் வேலை. கம்பிகளைக் கழற்றி, ட்ரஸ் ராடால் நெக்கை நேராக்க வேண்டும். இதைச் சோதிக்கும் காடி வெட்டிய நேர்விளிம்பு ஃபிரெட்களைத் தாண்டி மரத்தில் உட்காரும். ஃபெண்டர் நிறுவனத்தின் 648 மி.மீ. அளவுக்குச் செய்தது கிப்சனின் 628 மி.மீ. நெக்கில் உட்காராது. சிறப்புக் கருவிக்குச் செலவிடுவது நியாயமான இடம் இது.

மட்டக் கட்டைக்குப் பெயர் முக்கியமல்ல, நேர்மைதான் முக்கியம். தடித்த கண்ணாடி மேல் வைத்து ஆடாத அலுமினியச் சதுரக் குழாயில் 320 எண் உப்புத்தாளை ஒட்டினால் கட்டை தயார். ஃபிரெட் உச்சிகளில் மார்க்கர் மை தடவித் தேய்த்தால் மேட்டில் மை போகும், பள்ளத்தில் நிற்கும். எல்லா ஃபிரெட்டிலும் மை தொட்டு அழிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

தேய்ந்த உச்சி தட்டையாகிவிடும். அதை மறுபடி வளைக்காவிட்டால் சுருதி பிசகும். விளிம்பு மழுக்கிய முப்பட்டை அரமே இதைச் செய்யும். குழிந்த வைர அரம் வேலையை விரைவாக்கும்; ஸ்டெயின்லெஸ் ஃபிரெட்டுக்கு அது இன்னும் பொருத்தம். கடைசியாக 2000 எண் தாள் வரை மெருகேற்றல். ஸ்டீல் வூல் பயன்படுத்தினால் பிக்கப்பை மூடி ஒட்டிவிட வேண்டும். காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும்.