பாலித் தீவு: வயலும் கோயிலும் வேறு வேறு அல்ல

பாலி என்றதும் பலருக்கும் கடற்கரைதான் ஞாபகம் வரும். ஆனால் இப்போது அங்கே போகிறவர்கள் கடற்கரையோடு திரும்புவதில்லை. "உள்ளே போய்ப் பார், சொர்க்கம் அங்கேதான் இருக்கிறது" என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 2024-இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் அந்தச் சின்னத் தீவில் வந்து இறங்கினார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தவர்கள் இந்தியர்கள்.

உள்நாட்டைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் டூர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் உபுடிலிருந்து கார். தெகலாலாங் அடுக்கு வயல்களில் அரை மணி நேரம், அங்கே பள்ளத்தாக்கின் மேல் பறக்கும் ஊஞ்சலில் ஒரு போட்டோ (காற்றில் பறப்பதற்கென்றே நீளமான கவுனை வாடகைக்குத் தருகிறார்கள்!). பிறகு தீர்த்த எம்புல் கோயிலில் புனித நீராடல். காலில் தெம்பு இருந்தால் குனுங் காவி. மதியம் பாத்தூர் எரிமலையைப் பார்த்தபடி சாப்பாடு. மாலையில் அறைக்குத் திரும்பி, "இயற்கை, ஆன்மிகம் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தாச்சு" என்று படங்களை ஏற்றிவிடலாம்.

இதில் பிழை அந்த "இரண்டையும்" என்ற சொல்லில் இருக்கிறது. பாலியின் உள்நாட்டில் இயற்கை ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம் என்று இரண்டு கிடையாது. தண்ணீர் மேலேயிருந்து கீழே வரும் பாதையில் ஒரு கோயில், ஒரு வாய்க்கால், ஒரு வயல், மறுபடியும் ஒரு கோயில் என்று வரிசையாக இருக்கின்றன. டூர் கார் அந்தப் பாதையில்தான் கீழேயிருந்து மேலே ஏறுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அது தெரிவதே இல்லை.

மேலேயிருந்தே வருவோம். பாத்தூர் ஒரு பழைய மாபெரும் எரிமலையின் பள்ளம். அதற்குள் பிறை வடிவில் ஒரு ஏரி, பக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கும் ஓர் எரிமலை. ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மலைச்சரிவில் கீழே வரவர ஊற்றுகள் வெடித்துக் கிளம்புகின்றன. மழைநீரை உறிஞ்சிக் கீழே விடுவது எரிமலைப் பாறையின் குணம். பாலிக்காரர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள்: ஏரியில் இருப்பவள் தேவி தனு, ஊற்றுகளெல்லாம் அவள் தரும் நீர். அவளுக்கான கோயில்தான் உலுன் தனு பாத்தூர். முன்பு இது பள்ளத்துக்குள், எரிமலையின் அடிவாரத்தில் இருந்தது. 1917-இல் எரிமலை வெடித்தபோது நெருப்புக்குழம்பு கோயில் வாசல் வரை வந்து நின்றது. ஊர்க்காரர்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். 1926-இல் மறுபடி வெடித்தபோது கோயிலும் ஊரும் புதைந்தன. அதன் பிறகுதான் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே ஏறி ஊரையும் கோயிலையும் புதிதாகக் கட்டினார்கள்.

இந்தக் கோயிலுக்கு ஆண்டுதோறும் காணிக்கை கொண்டுவருகிறவர்கள் வெறும் பக்தர்கள் அல்ல, பாசனச் சங்கங்கள். பாலியில் அதற்குச் சுபாக் என்று பெயர். ஒரே மடையிலிருந்து தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் எல்லோரும் ஒரு சுபாக். ஐம்பது பேரும் இருக்கலாம், நானூறு பேரும் இருக்கலாம். தீவு முழுக்கச் சுமார் 1,200 சுபாக்குகள். 11-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. சுபாக் கூட்டத்தில் சாதி ஏற்றத்தாழ்வு செல்லாது, வயல் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மரியாதை. ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு கோயில், ஆற்றின் ஒவ்வொரு அணைக்கும் ஒரு கோயில், எல்லாவற்றுக்கும் தலைமை பாத்தூர். புதிதாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் கேட்பது வழக்கம்.

"சரி, சாமி பேரைச் சொல்லி ஒரு நிர்வாகம்" என்று இதை ஒதுக்கியவர்களும் உண்டு. அதன் பலனையும் பாலி பார்த்தது. 1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. புதுரக நெல், உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டாகக் கொடுத்து, "கோயில் காலண்டரைப் பார்க்காதே, முடிந்த போதெல்லாம் நடு" என்றது அரசு. முதலில் விளைச்சல் ஏறியது. சில வருடங்களிலேயே புகையான் வந்தது, துங்ரோ நோய் வந்தது, தண்ணீர் தகராறு வந்தது. ஒரு வயலில் அறுவடை முடிந்தால் பூச்சி பக்கத்து வயலுக்குப் போனது, அங்கே முடிந்தால் அடுத்த வயலுக்கு. அதற்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

ஜே. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து, ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளில் இருக்கும் 172 சுபாக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு சுபாக்கும் தன்னிஷ்டப்படி நட்டால் என்ன ஆகும், எல்லோரும் ஒரே நாளில் நட்டால் என்ன ஆகும், கோயில்கள் சொல்கிறபடி பகுதி பகுதியாக நட்டால் என்ன ஆகும் என்று. மூன்றில் நல்ல விளைச்சல் தந்தது கோயில் முறை. காரணம் ரொம்பவும் எளிமையானது. அக்கம்பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தீனி இல்லை, அது செத்துப்போகும். ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவைப் பல நூற்றாண்டு அனுபவத்தில் கண்டுபிடித்து, திருவிழா நாட்களாக மாற்றி வைத்திருந்தார்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட அருமை. தலைமடைக்காரன் கடைமடைக்காரனுக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும்? எந்த ஊர் ஆற்றிலும் தீராத கேள்வி இது. பாலியில் பதில் பூச்சியிடம் இருக்கிறது. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் அவன் வேறு மாதத்தில் நட்டால், அவன் வயலில் பெருகும் புகையான் தலைமடைக்கும் ஏறி வரும். ஆகவே தண்ணீரைப் பங்கிடுவது தர்மம் மட்டும் அல்ல, தலைமடைக்காரனுக்கே லாபம்.

இதைத் தெரிந்துகொண்டு தீர்த்த எம்புல் போனால் அந்தக் குளம் வேறு மாதிரித் தெரியும். கி.பி. 962-இல் எழுந்த கோயில் அது. உள்ளே ஊற்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு பொங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நீர்தான் வெளியே போய்ப் பக்கெரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. சற்றுக் கீழே அதே பள்ளத்தாக்கில், பாறையைக் குடைந்து ஏழு மீட்டர் உயரத்துக்குச் செதுக்கிய குனுங் காவி, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் ஒரு கோயிலை மட்டும் அல்ல. பாத்தூர் கோயில், ஏரி, இந்தப் பள்ளத்தாக்கு, பத்துக்காரு மலைப்பக்கத்து வயல்கள், தாமான் ஆயுன் கோயில் எல்லாவற்றையும் சுபாக் நிலப்பரப்பு என்று சேர்த்தே அங்கீகரித்தது.

தீர்த்தம் என்ற சொல் தமிழருக்குப் புதிதல்ல. பாலியின் சமயத்துக்கே "ஆகம தீர்த்த" என்று ஒரு பெயர் உண்டு. ஆனாலும் இந்தியாவிலிருந்து போகிறவர்களில் பலர் கோயிலுக்குள் மூலவரைத் தேடி ஏமாறுகிறார்கள். அங்கே சந்நிதிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கோயில் விழாவின்போது தெய்வம் இறங்கி வந்து அமரும் என்பது நம்பிக்கை. எப்போதும் அங்கே இருப்பது தண்ணீர்தான்! அதில் நீராடுகிறவர்கள் கடைப்பிடிக்கும் வரிசைக்கும் அர்த்தம் இருக்கிறது. இரண்டு வாய்களின் கீழே யாரும் தலை கொடுக்க மாட்டார்கள், அவை இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. வாடகைச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, செல்போனைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, எல்லா வாய்களிலும் வரிசையாக முங்கி எழுகிற பயணிக்கு இது தெரியாது. தெரியாததில் குற்றமில்லை, தெரிந்துகொள்ளாமலே "மனம் சுத்தமாகிவிட்டது" என்று எழுதுவதுதான் கொஞ்சம் அதிகம். வழிபட வராதவர்கள் கோயிலின் உள்பகுதிக்குள் வரக் கூடாது என்று 2025 மார்ச்சில் பாலி ஆளுநர் சுற்றறிக்கை விட வேண்டி வந்ததற்கு இந்த மாதிரிக் கூட்டமும் ஒரு காரணம்.

இதற்கு மறுபேச்சும் உண்டு, அது நியாயமானதும்கூட. டூரிஸ்ட் பணம் இல்லாவிட்டால் பல குடும்பங்களுக்கு வருமானமே இல்லை. கோயில் விழாக்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது. விவசாயியின் மகன் ஹோட்டல் வேலைக்குப் போனால், "நீ சேற்றிலேயே நில், எங்களுக்கு வியூ வேண்டும்" என்று சொல்ல எந்தப் பயணிக்கும் உரிமை கிடையாது. உண்மைதான். ஆனால் அந்த வியூ தானாக முளைத்ததல்ல. வரப்பை வருஷா வருஷம் பூசி, வாய்க்காலைத் தூர்வாரி, சரிவில் வழுக்காமல் நாற்று நடுகிற ஆட்களின் கூலி அதில் இருக்கிறது. வயலைப் பார்த்து அமைந்த காப்பிக் கடைக்கும் ஊஞ்சலுக்கும் போகிற பணத்தையும், அந்த வயலை உழுகிறவர் கைக்கு வந்து சேர்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும்போது, நெல்லில் வருவது போதாமல் ஒருவர் விற்கிறார். அங்கே ஒரு வில்லா எழுகிறது. அதன் கீழே இருக்கும் வயலுக்கு வாய்க்கால் அறுந்துபோகிறது. பிறகு அவரும் விற்கத்தான் வேண்டும். சுபாக்கை ஒரு மணிமாலை மாதிரி எண்ணிக்கொண்டால், நடுவில் ஒரு மணியை உருவினால் என்ன ஆகும்?

2025 செப்டம்பரில் பாலியில் வந்த வெள்ளத்தில் 15-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேய்மழைதான் காரணம் என்றாலும், வயல்கள் கட்டடங்களானதும் பேச்சில் அடிபட்டது. வயலில் ஹோட்டல் கட்ட இனி அனுமதி இல்லை என்று ஆளுநர் அறிவித்ததும் அதன் பிறகுதான்.

வெளிநாட்டுப் பயணிகளிடம் 2024 பிப்ரவரி 14 முதல் 1,50,000 ரூபியா வரி வாங்குகிறார்கள், பண்பாட்டையும் சுற்றுச்சூழலையும் காக்க என்று சொல்லி. அதில் ஒரு நிலையான பங்கு சுபாக்குகளுக்கு, வாய்க்கால் பராமரிப்புக்கென்றே நேரடியாகப் போக வேண்டும். அடுக்கு வயல் டிக்கெட்டிலும் அப்படியே. தர்மமாக அல்ல, பார்த்ததற்கான விலையாக. பயணிகள் பங்குக்குச் செய்யக்கூடியதும் பெரிய காரியமில்லை. காரை முதலில் பாத்தூருக்கு விடச் சொல்லலாம். அங்கிருந்து தண்ணீரோடு கீழே இறங்கி வரலாம், நாலு இடத்துக்குப் பதில் இரண்டு இடம் போதும். ஊஞ்சலுக்குக் கொடுக்கிற காசில் ஜாதிலுவியில் விளைந்த சிவப்பரிசி வாங்கிக்கொண்டு வரலாம்.

போன சமயத்தில் வயல் பச்சையாக இல்லையே என்று கோபப்பட்டு ஒரு ஸ்டார் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அறுவடை முடிந்து பழுப்பாகக் கிடக்கும் அந்த வாரங்களில்தான் பூச்சி செத்துக்கொண்டிருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை என்று கார் திரும்பும் அதே வயலில் வாத்துக் கூட்டத்தை ஓட்டி விட்டிருப்பார்கள். அவை சிந்திய நெல்லையும் மிச்சப் பூச்சியையும் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும்.