கோடி ரூபாய் கார்கள் எங்கே குடியிருக்கின்றன?

சென்னையில் இருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே டீக்கடையில் உட்கார்ந்து இருப்பவர்கள் சில நேரம் ஒரு வேடிக்கையைப் பார்ப்பது உண்டு. தரையோடு தரையாகப் படுத்த கார் ஒன்று, புலி போல உறுமிக்கொண்டு போகும்.

"என்ன விலை இருக்கும்?" என்று ஒருவர் கேட்பார்.

"நாலு கோடி!" என்பார் இன்னொருவர். அதற்குள் கார் மறைந்துவிடும்.

அது எங்கே போகிறது? இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தய மைதானம் இருக்கிறது. 1990-ம் ஆண்டில் தொடங்கியது. ஒரு சுற்று 3.7 கிலோ மீட்டர். அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாவது உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்தது. சாலையில் பறந்தால் போலீஸ் பிடிக்கும். ஆகையால், ஆசை தீர ஓட்டிப் பார்க்க விரும்பும் சீமான்கள் இங்கே வருகிறார்கள்.

ஒரு மணி நேரக் கணக்கு

இந்த வட்டாரம் முழுவதும் கார் தொழிற்சாலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான் கார்கள் தயாராகின. அங்கேயே லாரி, மோட்டார் சைக்கிள், டயர் தொழிற்சாலைகளும் இருக்கின்றன.

ஆனால் டீக்கடைக்காரர்கள் பார்த்த கார் இங்கே செய்தது அல்ல. அது இத்தாலியில் பிறந்த லம்போர்கினியாக இருக்கலாம். 2023-ம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் விற்ற லம்போர்கினி கார்கள் எத்தனை தெரியுமா? 103! ஹூண்டாய் தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அத்தனை கார்கள் வெளியே வந்துவிடும்.

அதே 2023-ல் அமெரிக்காவில் விற்றவை, 3 ஆயிரம். உலகம் முழுவதும் விற்றதே 10 ஆயிரத்துச் சொச்சம்தான்.

அமெரிக்காவிலும் இவை எல்லா ஊர்களிலும் பரவி இருக்கவில்லை. கலிபோர்னியாவின் தென்பகுதியிலும், புளோரிடாவில் மியாமியைச் சுற்றியும்தான் கூட்டம் அதிகம். பணக்காரர்கள் இருப்பது மட்டும் காரணம் அல்ல. அங்கே பனி கொட்டுவது இல்லை. வடக்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுவார்கள். உப்பு, காரை அரித்துவிடும். பல மாதங்கள் கொட்டகையில் பூட்டி வைக்க வேண்டும்.

நம் ஊரில் பனி இல்லை, வேகத்தடை இருக்கிறது! தாழ்ந்த காரின் வயிறு அதில் உரசும். 2023-ல் லம்போர்கினி விற்கும் கடைகள் டெல்லி, மும்பை, பெங்களூரு ஆகிய 3 ஊர்களில் மட்டுமே இருந்தன. கார் தொழிலுக்குப் பெயர் பெற்ற சென்னையில் இல்லை.

மூன்று மடங்கு

விலை இவ்வளவு ஏறுவது எப்படி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கார் நம் துறைமுகத்துக்கு வரும்போது விலை 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 110 சதவீதம். அதாவது 1 கோடியே 10 லட்சம். இரண்டையும் கூட்டினால் 2 கோடியே 10 லட்சம். அதன் மீது ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அது 84 லட்சம். ஆக, 2 கோடியே 94 லட்சம். கடைக்காரர் லாபம் இன்னும் சேரவில்லை! தமிழ்நாட்டில் பதிவு செய்தால் சாலை வரி 20 சதவீதம். அது சுமார் 59 லட்சம். மொத்தம் 3½ கோடிக்கு மேல்.

கிரிக்கெட் வீரர் சச்சின் தெண்டுல்கருக்கு 2002-ல் ஒரு பெராரி கார் பரிசாக வந்தது. வரி மட்டும் 1 கோடி ரூபாய்க்கு மேல். அதைத் தள்ளுபடி செய்ய மத்திய அரசு முன்வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் பரிசு கொடுத்த கம்பெனியே வரியைக் கட்டியது.

புதுச்சேரி விலாசம்

வரி கூடினால், தப்பிக்கும் வழியும் முளைக்கும் அல்லவா? அமெரிக்காவில் மாண்டானா என்று ஒரு மாகாணம். அங்கே விற்பனை வரி கிடையாது. ஆகவே வேறு மாகாணத்துக் கோடீசுவரர்கள், அங்கே பெயருக்கு ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதன் பெயரில் காரைப் பதிவு செய்கிறார்கள். கணக்கில் கார் மாண்டானாவில் இருக்கும். கலிபோர்னியாவில் ஓடும்!

நம் பக்கத்தில் அந்த வேலைக்குப் புதுச்சேரி பயன்பட்டது. அங்கே சாலை வரி குறைவு. கேரளாவில் ஓடும் சொகுசுக் கார்கள் பல புதுச்சேரி எண்ணுடன் இருப்பது 2017-ல் அம்பலமானது. சினிமா நட்சத்திரங்கள் மீதும் வழக்கு வந்தது. பொய் விலாசம் கொடுத்தார்கள் என்பதே புகார். வேறு மாநிலத்துக் காரை 12 மாதத்துக்கு மேல் ஓர் ஊரில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 4 கோடி ரூபாய் கார் வாங்க முடிந்தவருக்கு வரி கட்ட மனம் வரவில்லை. அந்த வரிப்பணத்தில்தான் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் நடக்கிறது.

பெட்டியில் வரும் கார்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வழியாகப் போகும் சாலை சிங்கப்பெருமாள்கோவிலில் முடிகிறது. அங்கே 2007-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தொழிற்சாலை திறந்தது. முழுக் காராக வந்தால் 110 சதவீத வரி. பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தால் வரி மிகக் குறைவு. அப்படி வரும் பாகங்களை இங்குள்ள தொழிலாளர்கள் பூட்டிக் காராக்குகிறார்கள். என்ஜினைப் பூட்டும் வேலையும் 2015-ல் இங்கேயே வந்தது. பணக்காரர் கார் மீது போட்ட வரி, பலருக்கு வேலையும் கொடுத்தது.

இப்போது நிலைமை மாறுகிறது. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐரோப்பிய யூனியனுடன் 2026 ஜனவரியில் பேச்சு முடிந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கை கார்களுக்கு இறக்குமதி வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும். இத்தாலி கார் வாங்குபவருக்கு அதனால் கோடிக்கணக்கில் மிச்சம். ஆனால் ஜெர்மனி காரும் முழுதாகவே மலிவாக வந்து இறங்குமானால், பெட்டியைப் பிரித்துப் பூட்டும் வேலை எவ்வளவு மிஞ்சும்? சிங்கப்பெருமாள்கோவிலில் கம்பெனி பஸ்சுக்குக் காத்து நிற்பவர்களின் கவலை அது.