மரவள்ளி மாவுப்பூச்சி: கொல்லையில் மருந்து அடிக்கும் முன்...

அரூர் பக்கம் குச்சிக்கிழங்கு காட்டில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையிலும் நாலு செடி நிற்கும். நுனி இலைகள் சுருண்டு கொத்தாகி, வெள்ளை மாவு அப்பியிருந்தால் அது மாவுப்பூச்சி. உடனே கடை மருந்தை வாங்கி அடித்துவிடாதீர்கள்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி வரை பரவியது. அதைக் கட்டுப்படுத்த, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 'அனகைரஸ் லோபெசி' என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதன் வெளியீடு நடந்தது. கொசுவைவிடச் சிறியது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளரும். 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியதும் இதே குளவிதான்.

மருந்து அடித்தால் மாவுப்பூச்சி மெழுகுப் பூச்சுக்குள் பிழைத்துக்கொள்ளும், குளவி சாகும். வேலிக்கு அப்பால் ஏக்கர் கணக்கில் கிழங்கு போட்டவருக்கும் அது நட்டம். நாலு செடிதானே, மாவு அப்பிய நுனியைக் கிள்ளி அழித்துவிடலாம். கிள்ளும் முன் உற்றுப் பாருங்கள். பழுப்பாக இறுகிய பூச்சிகள் இருந்தால் அந்த நுனியை விட்டுவையுங்கள். அடுத்த குளவி அதிலிருந்துதான் வரும். பாதித்த செடியில் அடுத்த நடவுக்குக் குச்சி வெட்டாதீர்கள்.