மூலச்சொல்லும் உடுக்குறியும்

காற்றினைக் குறிக்கத் துருக்கி மொழியின் பழைய வழக்கில் 'யெல்' என்பர். கசாக் மொழியில் 'ஜெல்' என்பர். வோல்கா ஆற்றுப்பகுதிச் சுவாஷ் மொழியில் 'சில்' என்பர். ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் இவற்றை ஓரினச் சொற்கள் எனல் தகாது. 'ஏழு' என்னும் எண்ணுப்பெயரும் இம்மொழிகளில் முறையே 'யெதி', 'ஜெத்தி', 'சிச்சே' என வழங்கக் காண்கிறோம். முதலொலி ஒரே நெறியில் திரிகின்றது, அந்நெறியே சான்றாகும். 11ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் துருக்கிய அகராதி யாத்த மஹ்மூத் அல்-காஷ்கரி, ஓகுஸ், கிப்சாக் குலத்தாரிடம் மொழிமுதல் யகரம் ஜகரமாகத் திரிவதை அன்றே குறித்துச் சென்றார்.

இவ்வாறு மீட்டுருவாக்கிய மூலத் துருக்கிய வடிவத்தை அறிஞர் *யெல் என உடுக்குறியிட்டே எழுதுவர். எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கண்டதன்று, உய்த்துணர்ந்தது என்பதே அக்குறியின் பொருள். அதன் முதலொலி யகரந்தானா என்பதிலும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வடக்கம் தவறின் நேர்வது யாது? உலக மொழிகட்கெல்லாம் துருக்கியமே தாய் என 1930களில் துருக்கி நாட்டில் எழுந்த 'சூரிய மொழிக் கோட்பாடு' அரசின் ஆதரவு பெற்றும், 1938க்குப் பின் கைவிடப்பட்டது. தமிழ்ச் சொல்லாராய்ச்சியில் புகும் நம் மாணவரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மொழிப்பற்று நம்மை ஆய்வுக்குத் தூண்டட்டும். முடிவினைச் சான்றே கூறட்டும். உய்த்துணர்ந்ததற்கு உடுக்குறியிடத் தயங்குவது தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகாது என்பதே நம் கருத்து.