ஹலோ, கேக்குதா?

இன்டர்நெட் கால் எதுவானாலும் நாம முதல்ல கேட்கிற கேள்வி "ஹலோ, கேக்குதா?" என்பதுதான். ஹாஸ்டல் மூணாவது மாடியில் சிக்னலைத் தேடி அலையும்போது நான் இதை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்பேன். எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் காதே கேட்காது என்றால் என்ன செய்வார்? சத்தியமா சொல்றேன், நாலு வருஷம் இந்தப் படிப்பைப் படித்தும் ஒரு தடவைகூட நான் அதை யோசித்ததில்லை.

எங்க டீமின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், இன்டர்நெட் வழியாகப் பேசும் ஒரு ஆப். முதல் ரிவ்யூவில் நல்ல பேர் கிடைத்தது. அந்தக் குஷியில் லீவுக்குப் போனப்போ பெரியம்மா பொண்ணு அக்காவிடம் காட்டினேன். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்க்கிறாங்க. டைப்பிங்கில் நான் அவங்க பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் போனிலேயே டைப் பண்ணிக் காட்டினாங்க: "நல்லா இருக்குடா. இதுல நான் என்ன பண்றது?"

அதே வாரம் அவங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆனது. பேங்க் கொடுத்தது ஒரே ஒரு கஸ்டமர் கேர் நம்பர். அக்காவுக்காக நான் பேசினேன். "அக்கவுன்ட் வச்சிருக்கவங்ககிட்ட போனைக் கொடுங்க சார்" என்றார்கள். "அவங்களுக்குக் காது கேக்காதுங்க" என்றேன். "சரி சார், அவங்களையே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க." சிரிக்கவா அழவா? அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, மறுநாள் லீவு போட்டு பிராஞ்சுக்குப் போனாங்க.

அதுக்கப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பிரச்சினையை அமெரிக்காவில் 1964-லேயே ஒருத்தர் கையில் எடுத்திருக்கிறார். ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர். அவருக்கே காது கேட்காது. பழைய டெலிபிரின்டர் மெஷினைச் சாதாரண டெலிபோனோடு இணைத்தார். நேரடியாக வயரை இணைக்க டெலிபோன் கம்பெனி அனுமதிக்காத காலம் அது. அதனால் ரிசீவரைத் தூக்கி ஒரு பெட்டி மேல் வைத்தால், அடிக்கிற எழுத்து இரண்டு விதமான ஒலியாக மாறி லைனில் போகும்படி செய்தார். எதிர்முனையில் அது மறுபடி எழுத்தாகும். இதுதான் டிடிஒய் என்கிற டெக்ஸ்ட் டெலிபோன். ஒருத்தர் அடித்து முடித்துவிட்டு, "இப்ப நீ அடி" என்பதற்கு அடையாளமாக "ஜி ஏ" என்று அனுப்புவார். பின்னாடி 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், இந்த எழுத்தைப் படித்துச் சொல்லவும், பதிலை டைப் பண்ணவும் நடுவில் ஆள் இருக்கிற ரிலே சேவையை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது.

அப்புறம் போன் இன்டர்நெட்டுக்கு மாறியது. இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் சொதப்பினோம். நாம பயன்படுத்துகிற ஜி.729 மாதிரி கோடெக் எல்லாம் மனிதக் குரலை மனதில் வைத்துச் செய்தது. ஜி.711-ல் 64 கிலோபிட் ஆவதை இது எட்டு கிலோபிட்டில் முடித்துவிடும். குரல் பிழைத்துக்கொள்ளும், டிடிஒய்-யின் 1400, 1800 ஹெர்ட்ஸ் ஒலிகள் சிதைந்துபோகும்.

சரி, சுருக்காத ஜி.711-லேயே அனுப்பலாமே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. டிடிஒய் வேகம் வினாடிக்கு 45.45 பிட். ஒரு பிட்டுக்கு 22 மில்லிசெகண்ட். வாய்ஸ் பாக்கெட் ஒன்று வழக்கமாக 20 மில்லிசெகண்ட். ஆக ஒரு பாக்கெட் தொலைந்தால் ஏறக்குறைய ஒரு பிட் காலி. ஒரு எழுத்து எட்டு பாக்கெட்டில் பரவிக் கிடக்கும். நூற்றில் ஒரு பாக்கெட் போனாலே நூறு எழுத்தில் சுமார் எட்டு அடிபடலாம். பேச்சில் அந்த இழப்பு நம்ம காதுக்கே தெரியாது.

இன்னொரு வினை. அதில் இருப்பது ஐந்து பிட் கோட். எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒரே கோட்தான். "இனி எண்" என்று சொல்லும் ஷிஃப்ட் கோட் முன்னாடி போகணும். அது தொலைந்தால் 10 என்ற கதவு எண் "கியூ பி" என்று போய்ச் சேரும். அவசர உதவிக்கு முகவரி சொல்கிற நேரத்தில் இப்படி ஆனால் யோசித்துப் பாருங்க.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ரியல் டைம் டெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. எழுத்தை ஒலியாக மாற்றாமல், அதே காலில் குரலுக்குப் பக்கத்திலேயே எழுத்தாக அனுப்புவது. அதற்கான ஆர்எஃப்சி 4103 வெளிவந்தது 2005-ல். முந்தைய எழுத்துகளை அடுத்தடுத்த பாக்கெட்டிலும் சேர்த்தே அனுப்பச் சொல்கிறது. ஒன்றிரண்டு தொலைந்தாலும் மீட்டுவிடலாம். முக்கியமாக, யுடிஎஃப்-8 என்பதால் தமிழும் போகும். ஐந்து பிட்டில் நம்ம 'அ'வுக்கே இடம் கிடையாது! அமெரிக்காவில் எஃப்சிசி 2016 டிசம்பரில், மொபைல் கம்பெனிகள் டிடிஒய்-க்குப் பதில் இதையே கொடுக்கலாம் என்று விதி போட்டது.

"வாட்ஸ்ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்று எங்க டீமிலேயே கேட்டாங்க. நியாயமான கேள்வி. அக்காவே நாள் முழுக்க வாட்ஸ்ஆப்பில்தான் இருக்காங்க. ஆனா அது தெரிஞ்சவங்களுக்கு. பேங்க், ஆஸ்பத்திரி, அவசர எண் எல்லாம் இன்னும் ஒரு போன் நம்பருக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருக்கு. மெசேஜ் அனுப்பினால் யார், எப்போ பார்ப்பாங்க என்று காத்திருக்கணும். கால் என்றால் அந்தப் பக்கம் ஒருத்தர் அந்த நொடியில் இருக்கிறார். நாம அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தாக அவருக்குத் தெரியும். பாதியிலேயே குறுக்கே கேள்வி கேட்கலாம். அந்த வசதி காது கேட்கிறவங்களுக்கு மட்டும் என்று யார் முடிவு பண்ணினது?

யாரும் முடிவு பண்ணவில்லை. அதுதான் பிரச்சினை. கோடெக் எழுதினவருக்கு அக்கா மேல் கோபம் ஒன்றும் இல்லை; அவர் நினைவில் அக்கா இல்லை, அவ்ளோதான். எங்க ரிவ்யூ ஷீட்டிலும் குரல் தரத்துக்கு மார்க் உண்டு, டிலேவுக்கு உண்டு. "பேச முடியாதவர் பயன்படுத்த முடியுமா?" என்ற வரியே இல்லை. நம்ம நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாச்சு; தகவல் தொடர்பு வசதி எல்லாருக்கும் எட்டணும் என்று அதில் இருக்கிறது. சட்டத்தைக் கோடாக எழுத வேண்டியது நாமதானே?

அதனால் ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கால், மீட்டிங், கஸ்டமர் கேர் என்று எந்த ப்ராஜெக்ட் எடுத்தாலும், ஒரு தடவை ஸ்பீக்கரையும் மைக்கையும் ஆஃப் பண்ணிவிட்டு உங்க ஆப்பை நீங்களே பயன்படுத்திப் பாருங்க. எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கே ஒரு டெக்ஸ்ட் வழியைச் சேருங்க. ரிவ்யூ ஷீட்டில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எங்க கைடிடம் நாங்களும் கேட்டிருக்கிறோம்.

எங்க ஆப்பில் டெக்ஸ்ட் ஸ்ட்ரீம் இப்போதான் பாதி ஓடுது. போன வாரம் அக்காவுக்கு முதல் கால் போட்டேன். பழக்க தோஷம், "கேக்குதா?" என்று டைப் பண்ணிவிட்டேன். நான் கேள்விக்குறி போடும் முன்னாடியே பதில் வர ஆரம்பித்துவிட்டது: "தெரியுதுடா. 'ழ' மட்டும் உடைஞ்சு வருது, சரி பண்ணு."