வாயிலும் வண்டியும்

மைசூர் தேவராஜ அரசு சாலையில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் காண்பது அரிது. தசராக் காலத்தில் சொல்ல வேண்டுவதில்லை. இடம் கிடைக்காதவர் அடுத்த தெருவில் எவர் வீட்டு வாயிலையேனும் அடைத்துச் செல்கின்றனர். வீட்டுக்காரரோ பொதுச் சாலையைத் தம் முற்றமென எண்ணிக் கற்களை அடுக்குகின்றார். இரண்டும் முறையன்று.

தடைசெய்த இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும் அகற்றுவிக்க, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சீருடைக் காவல் அதிகாரிக்கு அதிகாரம் அளிக்கிறது. அபராதத்தோடு இழுத்துச் செல்லும் செலவும் உரிமையாளரைச் சாரும். சக்கரக் காற்றை இறக்கும் உரிமை அண்டை வீட்டாருக்கு இல்லை.

நடைபாதை நடப்பவர்க்கே உரியது. அங்கே வண்டி நின்றால் முதியோரும் சிறுவரும் சாலையில் இறங்க நேரிடும். ஆதலின் அன்பர்கள் வாயிலையும் நடைபாதையையும் விட்டே வண்டியை நிறுத்துமாறு வேண்டுகிறோம். தகராறு நேரின் கன்னடத்தில் ஓர் இன்சொல் கூறுங்கள். நாம் அவர்களோடுதான் என்றும் வாழவேண்டும்.