இருமலும் சங்கக் கடனும்

தறித்தூசியையோ மலைப்பனியையோ காரணங்கூறி நீடித்த இருமலைப் புறக்கணிப்பது கன்னிவாடி அங்கத்தினர்களுக்குத் தகாது. நுரையீரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். பிற உறுப்புகளுக்குப் பரவியபின் 10-இல் ஒருவர் அவ்வாறு வாழ்வதே அரிது.

நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு முற்றிய பின்னரே நோய் தெரியவருகிறது. அறிகுறிகள் காசநோயை ஒத்திருப்பதால், சளியில் கிருமி காணாதவர் சிலரும் மாதக்கணக்கில் காசநோய் மருந்தையே உட்கொள்கின்றனர். குணமில்லையெனில் சி.டி. ஸ்கேன், திசுப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் தயங்காது கேட்டல் வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்கு உதவும். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அலையும் நாட்களில் இழக்கும் கூலியை எவர் ஈடுசெய்வார்? இதற்கென வட்டியில்லா அவசரக் கடனுக்குச் சங்கம் வழிசெய்தல் வேண்டும். நூலுக்கும் விதைக்கும் கடன் தருவோர், நெய்பவர் உயிருக்கும் விதைப்பவர் உயிருக்கும் தரலாகாதா?